மன்சுதே குன்றில் அப்பா தலை குனிய வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். லண்டனில் இருக்கும் அண்ணா, ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா, தான் என மூவரும் சீனாவுக்குப் போகத் திட்டமிடுகிறார்கள். வழி திறந்தால் வடகொரியாவையும் பார்த்துவிட்டு வர ஆசை. அதன் தலைநகர் பியோங்யாங்குக்குப் போகிற எவரையும் மன்சுதே குன்றிலுள்ள மாபெரும் வெண்கலச் சிலைகளுக்குக் கூட்டிப்போவார்கள், அங்கே பூ வைத்துக் குனிந்து வணங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா நாள் தவறாமல் திருநீறு பூசுகிற சைவர். "மனிதனுடைய சிலைக்கு நான் ஏன் குனிய வேண்டும்?" என்று கேட்கிறாராம். போகலாமா, குனியாமல் பார்த்துவிட்டு வர முடியுமா, என்ன உடுப்பது, படம் எடுக்கலாமா என்பவைதான் கேள்விகள்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குனிய மனமில்லாதவர் அந்தக் குன்றில் ஏறக்கூடாது. ஏறியவர் குனிந்தே ஆக வேண்டும். ஓரமாக நின்று தலையை லேசாக அசைத்துவிட்டு வருவது, பின்வரிசையில் கைகட்டி நிற்பது போன்ற நடுவழிகளை அங்கே யாரும் முயலக்கூடாது. உங்களுக்கு வரக்கூடிய சிக்கலை நினைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கூடவே வருகிற வழிகாட்டிகள் அந்த நாட்டுப் பிரசைகள். நீங்கள் விமானமேறிக் கட்டுநாயக்கவுக்கு வந்துவிடுவீர்கள். உங்கள் நடத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஒரு வெளிநாட்டவரின் சுயமரியாதைக்கான விலையை அங்கே பிறந்த ஒருவர் தலையில் கட்டிவிட்டு வருவது நியாயமாகாது. ஆகவே அப்பாவின் கேள்விக்கு விடை காண வேண்டிய இடம் கொழும்பு, டிக்கெட் எடுப்பதற்கு முன்.

இனி அந்த இடத்தைப் பற்றி. 2020 இல் வடகொரியா எல்லையைப் பூட்டுவதற்கு முன்னர் பெய்ஜிங் வழியாக ஒரு குழுவோடு நான் அங்கே போயிருக்கிறேன். பியோங்யாங் நகரின் நடுவே தேதோங் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது மன்சுதே மேடு. அகன்ற கல் தளத்தின் மறுகோடியில் இரண்டு வெண்கல மனிதர்கள். நம் பார்வைக்கு இடப்பக்கம் வலக்கையை நீட்டியபடி நிற்பவர் நாட்டை நிறுவிய கிம் இல் சுங். வலப்பக்கம் அவருடைய மகன் கிம் ஜோங் இல். ஒவ்வொரு சிலையும் 20 மீற்றருக்கு மேல் உயரம். ஆறேழு மாடிக் கட்டடத்தை நிமிர்ந்து பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் கொரியப் புரட்சி அருங்காட்சியகத்தின் சுவர் முழுவதும் பெக்து மலையின் வண்ணக் கற்சித்திரம், ஏறத்தாழ 70 மீற்றர் அகலத்தில் விரிந்திருக்கிறது. அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கிம் ஜோங் இல் 1942 இல் பெக்து மலையடியில் ஒரு கெரில்லா முகாமில் பிறந்தார் என்பது வடகொரிய அரசின் கூற்று. சோவியத் ஆவணங்களின்படி அவர் பிறந்தது சோவியத் ஒன்றியத்தின் தூரகிழக்கில், அதற்கு ஓராண்டு முன்னர். சுவரிலுள்ள மலை அரசின் கூற்றை நிலைநாட்டுகிறது.

பெரும்பாலோர் நடுவிலுள்ள இருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரு பக்கங்களிலும் உள்ள சிற்பத் தொகுதிகளிடம்தான் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். வெண்கலக் கொடிகளின் கீழ் 200க்கும் மேற்பட்ட உருவங்கள், சராசரி 5 மீற்றர் உயரத்தில், வரிசையாக முன்னோக்கிப் பாய்கின்றன. ஒரு பக்கம் ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான போராட்டம், மறுபக்கம் சோஷலிசக் கட்டுமானம். துப்பாக்கி ஏந்திய பெண், காயப்பட்டவரைத் தாங்கும் தோழர், தொழிலாளி, உழவர் என்று அந்த முகங்களில் சிற்பிகளின் கைத்திறன் தெரிகிறது. தலைவர்களின் முகத்தில் சிற்பிக்கு எந்தச் சுதந்திரமும் கிடையாது. அரசின் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே அந்த முகங்களைச் செய்ய முடியும். பக்கத்திலுள்ள பெயரற்றவர்களிடம் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கிறார்கள். ஒரு கையின் நரம்பையும் ஒரு தாவணியின் மடிப்பையும் நின்று பாருங்கள்.

சிலைகளுக்கு முதுகுகாட்டி ஆற்றைப் பார்த்தால், மறுகரையில் 1995 இல் எழுப்பப்பட்ட கட்சி நிறுவக நினைவுச்சின்னம் நேர் எதிரே தெரியும். சுத்தியல், தூரிகை, அரிவாள் பிடித்த மூன்று கைகள். நகரத்தையே ஒரு நேர்கோட்டில் வைத்துத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

இந்தச் சிலையின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் பார்வை மாறும். 1972 ஏப்ரலில், கிம் இல் சுங்கின் 60 ஆவது பிறந்தநாளுக்காக இது திறக்கப்பட்டது. அப்போது அவர் உயிரோடு, ஆட்சியில் இருந்தார். அதே ஆண்டு டிசெம்பரில் புதிய அரசியலமைப்பு வந்து அவர் ஜனாதிபதியானார். முதலில் சிலைக்குப் பொன் பூசியிருந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் வந்த சீனத் தலைவர் டெங் சியாவோபிங், உதவிப் பணம் இப்படிப் போகிறதா என்று முகம் சுளித்ததாகவும் அதன்பின் பொன் அகற்றப்பட்டதாகவும் பரவலாகச் சொல்வார்கள். காரணம் எதுவாயினும், இன்று நாம் காண்பது வெண்கல நிறத்தை.

அதைவிடப் பெரிய மாற்றம் 2012 இல் நடந்தது. 2011 டிசெம்பர் 17 ஆம் திகதி கிம் ஜோங் இல் இறந்தார். இன்னும் முப்பது வயதைத் தொடாத அவருடைய மகன் கிம் ஜோங் உன் அதிகாரத்துக்கு வந்தார். நான்கு மாதங்கள்கூட நிறையவில்லை, 2012 ஏப்ரல் 13 ஆம் திகதி, தாத்தாவின் நூறாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, அப்பாவின் சிலை தாத்தாவுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றது. அன்று தாத்தாவும் பழைய தாத்தாவாக இல்லை. இறுக்கமான முகத்தோடு இருந்த நடுவயதுக்காரர், கண்ணாடி போட்ட, கழுத்துப்பட்டி கட்டிய, சிரிக்கிற முதியவராகிவிட்டார். கிம் ஜோங் இல்லின் சிலையும் அப்படியே நிற்கவில்லை. முதலில் நீண்ட மேலங்கி அணிந்திருந்தவருக்கு, ஓராண்டுக்குள் அவர் வழக்கமாக அணிந்த குட்டைக் குளிர்ச்சட்டையை மாட்டிவிட்டார்கள்.

வெண்கலம் என்றால் மாறாதது என்று நாம் நினைக்கிறோம். அங்கே அது ஆட்சியிலிருப்பவரின் தேவைக்கேற்ப உடையும் முகமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2012 இல் வந்த இளம் ஆட்சியாளருக்குத் தன் உரிமையை நிலைநாட்டும் அவசரம் இருந்தது. தாத்தாவும் அப்பாவும் ஒரே உயரத்தில் அருகருகே நிற்பதைப் பார்த்தவருக்கு மூன்றாமவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. போகும் முன் 1972 ஆம் ஆண்டுச் சிலையின் பழைய படம் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் அதைப் பற்றி வழிகாட்டியிடம் கேள்வி கேட்க வேண்டாம்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அதைப் பிடிவாதம் என்று வீட்டில் யாரும் தள்ளிவிடக்கூடாது. மிக நல்ல கேள்வி அது.

நாம் வெண்கலத்தை அறியாதவர்கள் அல்லர். கொழும்பு தேசிய நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவன் கோவில்களிலிருந்து அகழ்ந்தெடுத்த சோழர் மரபு வெண்கலங்கள் இருக்கின்றன. மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி எடுத்தவை. நடராசர், அம்மன், நாயன்மார்கள் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறார்கள். வார்த்து முடித்த உடனே நம்மவர்கள் அதை வணங்குவதில்லை. கண் திறந்து, மந்திரம் ஏற்றி, கோவிலில் எழுந்தருளச் செய்த பிறகுதான் அது சுவாமி. நூதனசாலைக் கண்ணாடிக்குப் பின்னால் பூசையின்றி நிற்கும் நடராசரைப் பார்க்கும்போதுகூட அப்பாவின் கைகள் தாமாகக் கூப்பும் என்றே நினைக்கிறேன். யாரும் சொல்லாமல் கூப்பும் கை அது. பயணத்துக்கு முன் ஒரு காலைப்பொழுது அவரை அங்கே கூட்டிப்போங்கள். வாசலில் நூதனசாலையை 1877 இல் திறந்த ஆளுநர் வில்லியம் கிரெகரியின் வெண்கலச் சிலையும் நிற்கிறது. அதை யாரும் கும்பிடுவதில்லை, கும்பிடாததற்காக யாரும் கேள்வி கேட்பதுமில்லை.

கொரியர்கள் குனிவதை வேறு விதமாகவும் பார்க்க வேண்டும். வடக்கிலும் தெற்கிலும் பெரியவர்களுக்குக் குனிவது அன்றாட மரியாதை. புத்தாண்டிலும் அறுவடைத் திருநாளிலும் முன்னோர்களுக்கு விழுந்து வணங்குவார்கள். நம் வீட்டில் மூத்தவர் காலைத் தொட்டு ஆசி வாங்குவதோடு ஒப்பிடத்தக்க பழக்கம். பெரும்பாலான பயண முகவர்கள் இதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்துவார்கள்: இது அவர்களுடைய பண்பாடு, விருந்தாளி மரியாதை காட்டுகிறார், அவ்வளவுதான். பாதி உண்மை.

மறுபாதி பியோங்யாங்கின் சொந்த வரலாற்றில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்தைக் கிழக்கின் எருசலேம் என்று அழைத்தார்கள், அவ்வளவு கிறிஸ்தவர்கள். கிம் இல் சுங்கின் தாயாரே கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பான் எல்லோரையும் தன் ஷிண்டோ மத ஆலயங்களின் முன் குனியச் சொன்னது. மறுத்தவர்களிடம் அது சொன்ன வாதம்: இது மதச்சடங்கு அல்ல, குடிமக்களின் தேசபக்திக் கடமை. 1938 இல் பியோங்யாங்கில் கூடிய பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையின் பொதுச்சபை, பொலிஸார் சூழ்ந்திருக்க, அந்த வாதத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. பாதிரியார் சூ கிசொல் என்பவர் ஏற்கவில்லை. சிறையும் வதையும் கண்டு 1944 ஏப்ரலில் பியோங்யாங் சிறையிலேயே இறந்தார். அப்பா வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியை அதே ஊரில் ஒருவர் உயிரைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

நான் அங்கே குனிந்தேன். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கள் வழிகாட்டிப் பெண். அவருக்குத் தேர்வு எதுவும் இல்லை. எனக்கு இருந்தது, நான் அந்தத் தேர்வைப் பெய்ஜிங்கிலேயே முடித்துவிட்டு வந்திருந்தேன். குனிந்ததால் என் நம்பிக்கை எதுவும் குறையவில்லை என்பது என் எண்ணம். ஆனால் என் மனம் ஏற்றது அப்பாவின் மனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அது நெருடலாக இருந்தால், மரியாதையோடு வீட்டில் இருக்கட்டும், அல்லது சீனாவில் உங்களுக்காகக் காத்திருக்கட்டும். "சும்மா ஒரு நிமிடம் குனிந்தால் என்ன" என்று பிள்ளைகள் வற்புறுத்தக்கூடாது.

இன்னொன்றையும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரிலேயே தேசியத் தலைவர்களின் சிலைகள் எத்தனையோ. சுதந்திர சதுக்கத்தில், கண்டி அரசர்களின் சபா மண்டபத்தைப் பின்பற்றிக் கட்டிய நினைவு மண்டபத்தின் முன்னால் டி.எஸ். சேனாநாயக்க நிற்கிறார். நாட்டின் முதல் பிரதமர். மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருடைய ஆட்சியில் வந்தது. காலிமுகத்திடலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க நிற்கிறார். 1956 இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியவர். பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் முன்னால் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிற்கிறார். 1915 கலவரத்தின்போது சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக லண்டன் வரை போய் வாதாடித் திரும்பியபோது, சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியைக் கையால் இழுத்து வந்தார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கதை.

இந்த மூன்று வெண்கலங்களின் முன்னாலும் ஒரு தமிழர் தன் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, இவர் செய்த நல்லது இது, கெட்டது இது என்று வாய்திறந்து சொல்ல முடியும். மாலையில் சதுக்கத்தில் ஓடிப் பயிற்சி செய்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 2022 போராட்டத்தின்போது காலிமுகத்திடலில் பண்டாரநாயக்கவின் சிலைக்கு இளைஞர்கள் கண்ணைக் கட்டிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் தங்காலையில் மகிந்த, கோட்டாபய சகோதரர்களின் தந்தை டி.ஏ. ராஜபக்சவின் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தினார்கள். பியோங்யாங்கில் இவற்றில் எதையும் மனத்தில் நினைப்பதே ஆபத்து.

நம் நாடு இந்த விடயத்தில் சுத்தமானது என்று நான் வாதாட வரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்களின் உண்ணாவிரதமும் உலகெங்கும் எழுந்த குரலும் சேர்ந்து, ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது. யாருடைய நினைவு கல்லிலும் உலோகத்திலும் நிற்கலாம் என்பதை அதிகாரத்தில் இருப்பவர்தான் முடிவுசெய்கிறார் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் மன்சுதேயில் நிற்கும்போது ஒரு தமிழருக்குப் புரிவது வேறு பலருக்குப் புரியாது. பூ வைக்க வந்த பள்ளிப் பிள்ளைகளையும் புதுமணத் தம்பதிகளையும் பார்த்து, இவர்கள் எல்லோரும் மூளை மழுங்கியவர்கள் என்று சில மேலைநாட்டுப் பயணிகள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது பெருந்தவறு. அவர்களில் உண்மையாகவே பற்றுள்ளவர் இருப்பார், பயந்தவர் இருப்பார், பழக்கத்தால் வந்தவர் இருப்பார். நிமிர்ந்த முதுகை வைத்தோ குனிந்த முதுகை வைத்தோ உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி முகத்தைச் சாதாரணமாக வைத்திருந்த தலைமுறை நாம். நமக்கு இது தெரியாதா?

கொழும்புக்கும் அந்தக் குன்றுக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1970 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வடகொரியாவை அங்கீகரித்தது, தூதரகம் வந்தது, கிம் இல் சுங்கின் புகழும் உரைகளும் கொழும்புப் பத்திரிகைகளில் விளம்பரங்களாக வெளிவந்தன. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்ததும் தூதரக அதிகாரிகளை அரசு நாட்டைவிட்டு வெளியேற்றியது. அப்பாவின் வயதுக்காரர்கள் அந்த விளம்பரங்களை நினைவில் வைத்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

சிலைக் கலையை மட்டும் பார்க்க ஆசையென்றால் பியோங்யாங்குக்குப் போகாமலே அந்தக் கைவேலையைக் காணலாம். 1959 இல் தொடங்கிய மன்சுதே கலைக்கூடம் வெளிநாடுகளுக்கும் நிறையச் செய்து கொடுத்திருக்கிறது. நமீபியாவின் விண்ட்ஹுக் நகருக்கு வெளியே 2002 இல் திறந்த மாவீரர் நினைவிடம், பொற்ஸ்வானாவின் கபரோனில் 2005 இல் திறந்த மூன்று தலைவர்களின் வெண்கலச் சிலைகள், செனகலின் டக்காரில் 2010 இல் திறந்த 49 மீற்றர் உயர ஆபிரிக்க மறுமலர்ச்சிச் சின்னம் எல்லாம் அவர்களுடைய வேலைதான். மன்சுதே முகவெட்டு அங்கேயும் தெரியும். குனியச் சொல்ல ஆளில்லை. இந்த ஏற்றுமதி அந்த அரசுக்கு அந்நியச் செலாவணி தந்தது. அணுச்சோதனைகளுக்குப் பிறகு 2016 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை வடகொரியா சிலைகள் விற்பதையே தடைசெய்தது. அடுத்த ஆண்டு கலைக்கூடத்தின் வெளிநாட்டு நிறுவனம் சொத்து முடக்கப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே நினைவுப்பொருள் என்று அங்கே ஓவியமோ சிற்பமோ வாங்க வேண்டாம், குறிப்பாக லண்டன் அண்ணா.

இத்தனைக்கும் பிறகு போவதென்று முடிவெடுத்தால், குன்றில் நடப்பது இதுதான். கீழே பூங்கொத்து விற்பார்கள், விலை அதிகமில்லை. குழுவில் ஒருவரோ சிலரோ வாங்கினால் போதும், ஆனால் வழிகாட்டி எதிர்பார்ப்பதைக் கேட்டுச் செய்யுங்கள். பூவைச் சிலைகளின் அடியில் வைத்துவிட்டு வரிசைக்குத் திரும்பி, எல்லோரும் ஒன்றாக இடுப்பளவு குனிந்து நிமிர வேண்டும். கைகள் பக்கவாட்டில் இருக்கட்டும். சட்டைப்பையில் கை, முதுகுக்குப் பின்னால் கை, வாயில் சுவிங்கம், தலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எதுவும் கூடாது. நம் பழக்கத்தில் செருப்பைக் கழற்றத் தோன்றும், தேவையில்லை. உரத்த சிரிப்பு, பிள்ளைகள் ஓடி விளையாடுவது இரண்டையும் தவிருங்கள்.

உடை விடயத்தில் மன்சுதேக்குக் கழுத்துப்பட்டி கட்டாயமில்லை. சுத்தமான முழுக்காற்சட்டையும் கொலர் வைத்த சட்டையும் போதும். அரைக்காற்சட்டையும் வாசகம் அச்சிட்ட பனியனும் வேண்டாம். தலைவர்களின் உடல்கள் வைக்கப்பட்டுள்ள கும்சுசான் மாளிகைக்கும் கூட்டிப்போவார்களானால் அங்கே ஆண்களுக்குக் கழுத்துப்பட்டி வேண்டும். நீங்கள் சேலை கட்டிப் போகலாம் என்பது என் விருப்பம். விசேட நாட்களில் கொரியப் பெண்களும் தங்கள் மரபு உடையில்தான் வருவார்கள். ஏப்ரல் 15, பெப்ரவரி 16 ஆகிய இரு தலைவர்களின் பிறந்தநாட்களிலும் குன்று நிறைந்து வழியும். கூட்டத்தின் முகங்களைப் பார்க்க ஆசையென்றால் அந்த நாட்கள். சிற்பங்களைப் பார்க்க வேண்டுமானால் வேறு நாட்கள். பெப்ரவரியில் குளிர் எலும்பைத் தொடும். அப்பாவின் வயதில் அது சரிவராது.

படம் எடுக்கலாம், குனிந்த பிறகு. இரு சிலைகளும் தலை முதல் பாதம் வரை முழுமையாகச் சட்டகத்துக்குள் வர வேண்டும். காலோ கையோ வெட்டுப்பட்டால் வழிகாட்டி அழிக்கச் சொல்வார், மறுபேச்சின்றி அழித்துவிடுங்கள். சிலைகளைப் பின்னாலிருந்து எடுக்கக்கூடாது. கையை நீட்டி அதே மாதிரி நின்று படம் எடுப்பது அவமதிப்பு. நேராக நின்று எடுக்கும் குடும்பப் படத்துக்குத் தடையில்லை. பக்கத்துச் சிற்பத் தொகுதிகளின் நுணுக்கங்களை நெருங்கி எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். படைவீரர்களையும் கட்டுமான வேலைகளையும் எடுக்க வேண்டாம். தலைவர்களின் படம் அச்சிட்ட பத்திரிகை கையில் கிடைத்தால் படத்தின் நடுவே மடிப்பு விழாமல் வையுங்கள், கசக்கியோ பொருளைச் சுற்றியோ எறியாதீர்கள்.

இது வீண் எச்சரிக்கை அல்ல. ஹோட்டலில் ஒரு சுவரொட்டியை எடுத்ததாகக் குற்றஞ்சாட்டி 2016 ஜனவரியில் பிடிக்கப்பட்ட அமெரிக்க மாணவர் ஒட்டோ வாம்பியர், 2017 ஜூனில் நினைவிழந்த நிலையில் வீடு திரும்பிச் சில நாட்களில் இறந்தார். 2014 இல் வேறொரு பயணி பைபிள் ஒன்றை விட்டுவிட்டு வந்ததற்காக மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். அப்பா தன் திருமுறைப் புத்தகத்தைக் கொண்டுபோக விரும்பினால் பயண முகவரிடம் முன்கூட்டியே கேட்கட்டும். யாருக்கும் கொடுக்கவோ எங்கும் விட்டுவிட்டு வரவோ கூடாது.

கடைசியாக, போக வழி இருக்கிறதா என்பது. 2020 ஜனவரியில் பெருந்தொற்றை முன்னிட்டு வடகொரியா எல்லையை மூடியது. 2024 பெப்ரவரியில் ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் திறந்தது. 2025 பெப்ரவரியில் வடகிழக்கிலுள்ள ரசோன் பகுதிக்கு மற்ற நாட்டவரையும் அனுமதித்துச் சில வாரங்களிலேயே மீண்டும் மூடியது. ஏப்ரலில் பியோங்யாங் மரதன் ஓட்டத்துக்கு வெளிநாட்டவர் சிலர் போய்வந்தார்கள். கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலை இது. நம் விருப்பப்படி தனியே சுற்றவே முடியாது; அரசு அங்கீகரித்த முகவர் வழியாகத்தான் போக வேண்டும், வழிகாட்டிகள் முழுநேரமும் கூட இருப்பார்கள். பியோங்யாங் பயணத்துக்கு இடம் பிடித்துத் தருகிறேன் என்று கொழும்பில் யாராவது முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெய்ஜிங்கில் இதையே தொழிலாகக் கொண்ட முகவர்களிடம் நேரே எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்திலேயே, எங்களில் ஒருவர் சிலைக்குக் குனிய விரும்பவில்லை, அவருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியையும் வெளிப்படையாக வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் கேட்டுப் பழகிய கேள்விதான்.

அண்ணாவிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் அவருக்கு இன்னொரு விளைவு உண்டு. 2011 மார்ச் 1 ஆம் திகதிக்குப் பிறகு வடகொரியாவுக்குப் போனவர்கள் அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் இணைய அனுமதியோடு போகும் வசதியை இழக்கிறார்கள். தூதரகத்தில் விண்ணப்பித்து விசா எடுக்க வேண்டியிருக்கும். நியூயோர்க்கிலோ நியூஜேர்சியிலோ உறவினர் கலியாணம் வரிசையில் இருந்தால் அதையும் கணக்கில் வைத்து அவர் முடிவெடுக்கட்டும். உங்களுக்கும் அப்பாவுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு என்பதால் அந்த வசதி முதலிலிருந்தே இல்லை. ஆனால் பின்னாளில் அமெரிக்க விசா விண்ணப்பத்தில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள் என்று கேட்டால் இதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.